வலை கிழித்தவள்

எங்கள் ஏரியில் நீர்நாய்களைக் கொன்று தீர்த்தவர் என் வீட்டுக்காரரின் அண்ணன். மீனவர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எல்லோரும் முகத்துக்கு நேரே தலைவர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் மீசை என்பார்கள். நான் இரண்டு பக்கமும் மாமா என்றே சொல்லிவந்தேன். இப்போது எனக்கும் அவர் மீசைதான்.

நான் வலை தைக்கிறவள். ஐஸ் அறையை ஒட்டினாற்போல் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு பலகை, மேலே கொடியில் தொங்கும் வலைகள். காலையில் படகுகள் கரையேறியதும் கிழிசலெல்லாம் என்னிடம் வரும். ஓட்டையைப் பார்த்தே கிழித்தது எது என்று சொல்லிவிடுவேன். நீர்நாய் கடித்தால் கை நுழையும் அளவுக்கு வட்டமாக இருக்கும், ஓரம் சுத்தமாக அறுந்திருக்கும். பாறையில் மாட்டினால் நீளமாகக் கீறியிருக்கும். இதெல்லாம் பெரிய வித்தை இல்லை, படகுக்காரர்களுக்கும் தெரிந்ததுதான்.

நீர்நாய்க்கு விஷம் வைப்பது என்று சங்கத்தில் பேச்சு வந்தபோது நான் வேண்டாம் என்றேன். அதுவும் கெண்டை தின்னும், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது அதிகம் தின்றது பேய்க்கெளுத்தியைத்தான். யாரோ வளர்ப்புக் குட்டையில் விட்டிருந்த மீன், ஒரு வெள்ளத்தில் உடைத்துக்கொண்டு ஏரிக்குள் வந்துவிட்டது. அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் கிடையாது. கொழுத்து மந்தமாகத் திரியும் அதை நீர்நாய் சுலபமாகப் பிடிக்கும், உடம்பைத் தின்றுவிட்டுத் தலையைக் கரைப் பாறையில் போட்டுவிட்டுப் போகும். அந்தத் தலைகளைத் தாண்டித்தான் எல்லோரும் தினம் படகுக்குப் போனார்கள். அதைத்தான் நானும் சொன்னேன். பதமாகச் சொல்லவில்லை, கத்தினேன். எனக்கு அப்படித்தான் வரும்.

மீசை சிரித்தார். "வலை கிழிஞ்சாத்தானே உன் வீட்டுல அடுப்பு எரியும். நீர்நாய்க்கு நீ வக்கீலா வராம வேற யாரு வருவா?"

சங்கமே சிரித்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்ததுதான் எனக்கு எரிச்சல். வலை கிழியாவிட்டால் எனக்கு வேலை இல்லைதான். அதற்காக நான் சொன்னது பொய்யாகிவிடுமா?

மீனின் வயிற்றில் விஷத்தைத் திணித்துக் கரையெல்லாம் போட்டார்கள். செத்ததையெல்லாம் இழுத்துவந்து வரிசையாகக் கிடத்தினார்கள். அதில் குட்டிகளும் இருந்தன. மீசை அவற்றுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். நான் கொட்டகைக்குள் போய்விட்டேன்.

சில மாதம் வலைகள் கிழியாமல் வந்தன. என்னைப் பார்த்தவர்களெல்லாம் "என்ன, சும்மா உட்கார்ந்திருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது வந்தபோது கெண்டை குறைந்தது. சங்கம் குஞ்சு வாங்கி வாங்கி ஏரியில் விட்டது, அப்போதும் குறைந்தது. வலைகள் மறுபடி கிழிந்து வந்தன. இந்தத் தடவை ஓட்டை வட்டமாக இல்லை. நூல் முறுக்கி, சிக்கி, கொத்தாகப் பிய்ந்திருந்தது. கெளுத்தி உருண்டு உருண்டு தப்பியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் இரண்டு பேரிடம் சொன்னதற்கே "ஆரம்பிச்சுட்டா" என்றார்கள். அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் ஏலம் முடிந்த கையோடு மீசை எல்லோரையும் நிறுத்திவைத்து என்னைக் கூப்பிட்டார்.

"நீர்நாய் செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வலை மட்டும் எப்படிக் கிழியுது? கரையில காயற வலைக்கிட்ட நடமாடறது நீ ஒருத்திதான்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். என் கையால் தைக்காத வலை அந்த ஏரியில் ஒன்றுகூடக் கிடையாது. இனி ஒருவரும் வலை தர மாட்டார்கள், தந்தாலும் அந்த ஓட்டையோடு என் பெயரும் சேர்ந்து வரும். என் வீட்டுக்காரர் படகுக் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார், ஏற்கெனவே போட்டிருந்த முடிச்சுக்கு மேல்.

நான் மீசையிடம் நேராகச் சொன்னேன். "பிரிக்காத புது வலை உங்க வீட்டுல இருக்கில்ல? அதை நீங்களே விரிங்க, நீங்களே காவல் இருங்க, நீங்களே இழுங்க. நான் கரையை விட்டு நகர மாட்டேன். கிழியாம வந்தா என் கையை வெட்டிக்கங்க."

அவருக்கு அது தன்மானப் பிரச்சனை. அன்றைக்கே விரித்தார். மறுநாள் வெளுத்ததும் இழுத்தார். பாதி வலை வரும்போதே முகம் மாறிவிட்டது. மூன்று இடத்தில் கொத்தாகப் பிய்ந்திருந்தது, நான்காவது இடத்தில் பிய்த்த கழுதையே மாட்டியிருந்தது. கை நீளத்துக்கு ஒரு பேய்க்கெளுத்தி, நூலைச் சுற்றிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது.

ஐஸ் அறைக் கத்தியை எடுத்துவந்து அங்கேயே அதன் வயிற்றைக் கீறினேன். கூழாகிப் போனது கொஞ்சம், மிச்சமெல்லாம் முழுசு முழுசாகக் கெண்டைக் குஞ்சு. போன வாரம் மீசையே பையை அவிழ்த்து ஏரியில் கொட்டிய குஞ்சுகள். பலகையில் பரப்பினேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தக் கெளுத்தியத்தானே நீர்நாய் தின்னுக்கிட்டிருந்துச்சு" என்றார் ஒரு படகுக்காரர். இப்போதுதான் முதல் முறையாகக் கேள்விப்படுகிறவர்போலச் சொன்னார். அவரை அறையலாம் போல இருந்தது.

மீசை மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாதே. கெளுத்திக்கும் ஏதாவது மருந்து கிடைக்குமா என்று விசாரிக்கச் சொல்லிவிட்டு, புது வலையைச் சுருட்டி என் காலடியில் போட்டார். சீக்கிரம் தைத்துக் கொடு என்றார். ஏரிக்கே மருந்து ஊற்றினால் கெண்டை மட்டும் பிழைக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் நின்றார். முகம் தெளிந்திருந்தது, பெரிய பாரம் இறங்கின மாதிரி. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அப்போ நீ கிழிக்கலையா? நல்லவேளை. அண்ணன்கிட்ட எப்படிச் சமாளிக்கிறதுன்னு ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல."

ஒரு மாதம். அந்த மாதம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கெளுத்தியின் வயிற்றைக் கீறியதும் ஊரே நம்பிவிட்டது, இவரும் அப்போதுதான் நம்பினார்.

கத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தேன். மீசையின் வலையைத் தூக்கி என் வீட்டுக்காரர் தோளில் போட்டேன், கொடியில் கிடந்த அவருடைய வலையையும் உருவி அதன்மேல் போட்டேன்.

"உங்க அண்ணனுக்கு நீங்களே தைச்சுக் குடுங்க. உங்களுக்கு அவர் தைச்சுக் குடுக்கட்டும்" என்றேன்.