பென்சிலைக் கீழே வை

அந்தப் படத்துக்கு நான் போயிருக்கவே கூடாது. ராணுவ கர்னல் ஒருவர் ஜட்டியோடு உட்கார்ந்து, முறைத்துப் பார்த்தே பீரங்கிக் குழாயை வளைக்கிறார். தியேட்டரே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது என் புருஷன் ஹார்லன் டீக்.

"என்னய்யா சிரிப்பு? உன்னைத்தான் கிண்டல் பண்றான்."

"தெரியுது சார்ஜென்ட். ஆனா என் கால் அவ்வளவு அழகா எப்பவும் இருந்ததில்லையே!"

எங்கள் வேலையில் வளைப்பதும் இல்லை, உடைப்பதும் இல்லை. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு ராணுவ முகாமின் மூலையில், மழை வந்தால் ஒழுகுகிற மரக் கொட்டகை. உள்ளே ஒரு மேசை. ஒரு பக்கம் ஹார்லன் கண்ணை மூடி உட்காருவான், எதிரே கேள்வி கேட்க நான், சார்ஜென்ட் வெர்னா. நடுவில் ஒட்டிய உறை. உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. உறைமேல் இருக்கும் எண்ணை நான் படிப்பேன். மனதில் தோன்றுவதை அவன் சொல்வான், தாளில் எழுதுவான். எங்கோ ஒளித்து வைத்த ஏவுகணையையும் காணாமல் போன ஆளையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம் என்று மேலதிகாரிகளுக்கு ஓர் ஆசை. பதினோரு வருஷம் அந்த ஆசைக்குச் சம்பளம் வாங்கினோம்.

அங்கே முக்கியமான சட்டம், பெயர் சொல்லக் கூடாது என்பது. சூடு, வழவழப்பு, உப்பு வாசனை என்று சொல்லலாம்; கப்பல் என்று சொல்லக் கூடாது. பெயர் வந்துவிட்டால் மூளை அதை வைத்துக் கதை கட்ட ஆரம்பித்துவிடும். மீறி ஒரு பெயர் வந்து நின்றால், அதைத் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டு, பென்சிலைக் கீழே வைத்து, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு இது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அவன் தாமதமாக வந்து, நான் வாசலிலேயே "குடிச்சுட்டு வர்றியா?" என்று தொடங்கினால், "பென்சிலைக் கீழே வை, சார்ஜென்ட்" என்பான். அநேகமாக டயர்தான் பஞ்சராகியிருக்கும். எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

படம் வந்த மூன்றாம் வாரம் மினசோட்டாவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பெயர் மார்லிஸ் அமண்ட்சன். அவள் கணவர் கர்ட் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். 1984 மார்ச்சில் கடலில் விழுந்தார், உடல் கிடைக்கவில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, அரசாங்கம் வெளியிட்ட பழைய கோப்புகளைத் தேடியிருக்கிறாள். கர்ட்டைப் பற்றிய கோப்பு ஒன்று அகப்பட்டிருக்கிறது. ஹார்லன் ஏதோ ஒரு வானொலிப் பேட்டியில் கர்ட்டைத் தேடிய நாளைப் பற்றிச் சொல்லியிருந்தான். அதை வைத்து எங்களைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கடைசியில யாரோ அவர் கையைப் பிடிச்சிருந்தாங்கன்னு அதுல இருக்கு. நான் நேர்ல வந்து பேசலாமா?"

சனிக்கிழமை வரச் சொன்னேன்.

கர்ட்டின் உறை மேசைக்கு வந்த அன்று காலை, எண்ணைப் படித்த கொஞ்ச நேரத்தில் ஹார்லன் நடுங்க ஆரம்பித்தான். இருட்டு, தண்ணீர், குளிர் என்றான். பல் கிட்டியது. நான் மணி அடித்து நிறுத்தியிருக்க வேண்டும். பார்க்கிறவரைத் தொடவே கூடாது. ஆனால் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மேசைக்கு மேலே எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "ஒரு கை. சின்னது. நடுவிரல்ல காய்ப்பு. எலுமிச்சை வாசனை. பயம் போயிடுச்சு." பென்சிலை எடுத்து எழுதினான், கீழே வைத்தான். களைத்துவிட்டான் என்று நினைத்தேன். தேநீருக்குத் தினமும் எலுமிச்சை நறுக்குகிறவள் நான். பேனா பிடித்துப் பிடித்து நடுவிரல் காய்த்தவளும் நான்தான். தாளை வேறோர் அதிகாரி எடுத்துப்போய் முத்திரை வைத்தார். 'யாரோ ஆதரவாகக் கைபிடிக்க இறந்தார்' என்று அறிக்கை போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் எங்களுக்குக் கல்யாணம். ஒவ்வொரு மார்ச்சிலும் ஹார்லன் சொல்வான்: "மத்ததெல்லாம் உளறலா இருக்கலாம். அந்தக் கை நிஜம்." அவன் வாழ்க்கையில் பெருமைப்பட அந்த ஒரு நாள்தான். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? இப்போது மார்லிஸ் வேறு வருகிறாள். உண்மையைச் சொன்னால் இரண்டு பேரிடமிருந்தும் பிடுங்க வேண்டும். சொல்லாவிட்டால் கதை கட்டி அந்தப் படம் எடுத்தவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். எழுபது வயதிருக்கும், நீலக் கோட்டு. அவள் ஊர் ஏரிகளில் விளையும் காட்டரிசி ஒரு பை கொண்டுவந்திருந்தாள். பழக்க தோஷத்தில் எலுமிச்சை போட்டே தேநீர் கொடுத்துத் தொலைத்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"நான் முதல்ல கேட்டுடறேன், மிஸஸ் டீக். இல்லேன்னா தைரியம் போயிடும்." கோப்பிலிருந்த தாளின் நகலை மேசைமேல் விரித்தாள். ஹார்லனின் கையெழுத்து. அந்தத் தாளை நான் பார்த்ததே இல்லை. 'எலுமிச்சை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில், சின்னதாக ஒரு கறுப்புக் கட்டம்.

"பேரையெல்லாம் மை பூசி மறைச்சிருக்காங்க. இதுவும் பேர்தானே? அவர் கையைப் பிடிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கு அந்தப் பேர் வேணும். உயிரோட இருந்தா போய் நன்றி சொல்லணும்."

ஹார்லன் கண்ணாடியைக் கழற்றினான்.

"வெர்னா" என்றான்.

"என்ன?" என்றேன்.

"கூப்பிடல சார்ஜென்ட். அங்க எழுதினது அதுதான்."

பிறகு அவளைப் பார்த்தான். "மன்னிச்சுடுங்கம்மா. அது இவ கை. உங்க புருஷனைப் பத்தி எனக்கு வந்தது இருட்டு, தண்ணி, குளிர், அவ்வளவுதான். அதுவும் சரியான்னு தெரியாது. பேர் வந்துச்சு, ஓரத்துல எழுதினேன், பென்சிலைக் கீழே வெச்சேன். ஓரத்துல இருக்கிறதை யாரும் டைப் அடிக்கல. நானும் அதோட விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

"முப்பது வருஷமா உனக்குத் தெரியுமா?"

"அந்தக் கை நிஜம்னு வருஷா வருஷம் சொன்னேனே. நீதான் என்னை எப்பவும் மக்குன்னே நினைச்சே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு முன்னால் அழ எனக்கு என்ன உரிமை? ஆனாலும் வந்தது.

மார்லிஸ் அந்தக் கறுப்புக் கட்டத்தை விரலால் தொட்டாள். தேநீர் ஆறியது.

"அவர் விழுந்தது செவ்வாய்க்கிழமை. இது எப்போ?"

"வியாழன் காலையில."

"வியாழக்கிழமை தேடறதை நிறுத்திட்டோம்னு போன் பண்ணினாங்க. உலகத்துல ஒரு ஆள்கூட இப்ப அவரைத் தேடலன்னு நினைச்சுட்டு, சமையல்கட்டுத் தரையில உக்காந்திருந்தேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேர் தேடிட்டிருந்திருக்கீங்க."

"கண்டுபிடிக்கலையே" என்றேன்.

"எந்தக் கை?"

வலது கையை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிடித்தாள். கட்டைவிரலால் என் நடுவிரலைத் தடவி, காய்ப்பைக் கண்டுபிடித்தாள். ஹார்லன் சத்தமில்லாமல் எழுந்து தண்ணீர் சுட வைக்கப் போனான்.

"இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்கவா?" என்று கேட்டாள்.

"வெச்சுக்குங்க" என்றேன்.