மைத்துனன் ஈஸ்ட்

அந்த வருஷத்துப் பீரைக் குடித்தவர்கள் எல்லாரும் பீர் வடிப்பவருடைய மனைவிக்குத் தம்பியாகிப் போனார்கள். முதலில் ஆனவர் தபால்காரர். கோப்பையைக் காலி செய்ததும் நேராக அவள் சமையலறைக்குள் போய், பானையைத் திறந்து பார்த்து, "என்னக்கா, இன்னிக்கும் கிழங்கு சூப்தானா?" என்று முகம் சுளித்தார். அவருக்கு அவளைவிட இருபது வயது அதிகம்.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். அவளுடைய சொந்தத் தம்பி அந்த வீட்டில்தான் இருந்தான்; தாடியைச் சீவுவதைத் தவிர வேறு வேலை பார்த்ததில்லை. ஒரு கோடை மதியம், ஆறப்போட்டிருந்த பார்லிச் சாற்றுத் தொட்டியின் விளிம்பில் சாய்ந்து தூங்கிவிட்டான். தாடி உள்ளே தொங்கியது. புளிக்கவைக்கும் ஈஸ்ட் போடாமலே தொட்டி நுரைத்துப் பொங்கியது. தாடியிலிருந்து காட்டு ஈஸ்ட் சும்மா கிடைத்ததே என்று பீர் வடிப்பவர் அடியில் தங்கிய வண்டலை வழித்து, துணியில் பரப்பி, நிழலில் காயவைத்து, பொடியாக்கிப் புட்டியில் அடைத்தார். அப்புறம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் "தண்டச்சோறு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன் போனவன்தான். மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினாள். வாங்கி வைத்திருந்த ஈஸ்ட் தீர்ந்தபோது அவர் அந்தப் பொடியை வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினார். வேறு உள்நோக்கம் எதுவும் இல்லை.

தபால்காரருக்குப் பின் பல் மருத்துவர், பிறகு நீதிபதி. நீதிபதி சாக்ஸைக் கழற்றி நாற்காலியில் எறிவார், அவள் திட்டியதும் எடுத்துக்கொள்வார். அவர்களுடைய மனைவிமார் முதலில் சண்டைக்கு வந்தார்கள். பிறகு, நாத்தனார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார்கள். பீர் வடிப்பவரிடம் மட்டும் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தவர், கடைசியில் எல்லார் முன்னிலையிலும் நீதிபதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடுப்பா. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

தண்டச்சோறு என்று தன் வாழ்நாளில் யாரிடமும் பேச்சு வாங்கியிராத நீதிபதி தேம்பித் தேம்பி அழுதார். "சாப்பிடுறப்போ சொல்லிட்டீங்களே, மாமா!"

பல் மருத்துவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனைவி கணவரைப் பார்த்து, "நீங்களும் உட்காருங்க, சூப் ஆறிடப் போகுது" என்றாள்.

அடுத்த குளிர்காலத்தில் சொந்தத் தம்பியே திரும்பி வந்தான், மழுங்கச் சிரைத்த முகத்தோடு. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நிரம்பி வழிந்த ஆட்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"யாருக்கா இவங்கள்லாம்?"

"என் தம்பிங்கதான். கையைக் கழுவிட்டு வந்து கொஞ்சம் நெருக்கி உட்காரு, இன்னும் ரெண்டு பேர் வரணும்."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.