அண்ணியின் கழுத்து

வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் அண்ணி, கட்டிலில் சாய்ந்து மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டுதான் தட்டுவாள். ஒரு காலை அவள் கழுத்து திரும்பவே மாட்டேன் என்றது. யாராவது கூப்பிட்டால் ஆளே முழுசாகத் திரும்பினாள்.

“நாளெல்லாம் குனிஞ்சே இருந்தா கழுத்து என்னதான் பண்ணும்?” என்று அதட்டினாள் நாத்தனார். அவள் பிசியோதெரபிஸ்ட்.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு, அண்ணியைச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்து வந்தாள். கவிழ்த்த அண்டாமேல் கணினியை ஏற்றித் திரையைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். தட்டுவதற்குத் தனி விசைப்பலகையும், முதுகுக்குத் தலையணையும் வைத்தாள். கால் தரையில் எட்டாததால் குழந்தையின் மேளத்தை அடியில் தள்ளினாள்.

திரையில் அலுவலகக் கூட்டம் தொடங்கியது. பதற்றத்தில் அண்ணியின் கால் ஆட, ‘டம் டம்’ என்றது மேளம்.

“என்னம்மா அது, கச்சேரியா?” என்றார் மேலாளர்.

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

“எனக்கும் முதுகு விட்டுப்போகுதும்மா. நான் சோஃபாவிலதான் கிடக்கேன்,” என்றார் அவர்.

நாத்தனார் பாய்ந்து வந்து திரைக்குள் தலையை நீட்டினாள். “முதல்ல நிமிர்ந்து உட்காருங்க சார்!”

மேலாளர் மட்டுமா? திரையிலிருந்த அத்தனை பேரும் விலுக்கென்று நிமிர்ந்தார்கள். பாதிப் பேரின் தலை திரைச் சட்டத்துக்கு மேலே போய்விட, வெறும் சட்டைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன.