கன்னட வீட்டு எருமை

கோவில்பட்டியிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவள் நான். மத்திகிரியில் வாடகை வீடு. வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில், வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக்குள் என் தோழி வஜிஹா நடத்தும் காப்பகத்துக்குப் போவேன். கைவிடப்பட்ட ஆடுமாடுகளை அவள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். நான் சாணி அள்ளினேன், கோழிக்குத் தீனி வைத்தேன். கம்பெனியில் மட்டும் இதற்கு "அனிமல் ரெஸ்க்யூ" என்று பெயர் சொல்லியிருந்தேன்.

ஒரு ஞாயிறு காலை, பக்கத்தில் புதுக் கம்பெனி கட்டும் இடத்தின் காவலாளி நாராயணப்பன் வஜிஹாவுக்குப் போன் செய்தார். அங்கே தோண்டிய பள்ளத்தில் யாரோ விட்டுவிட்டுப் போன கிழட்டு எருமை விழுந்துவிட்டதாம். மினி லாரியில் போனோம். மழையில் சேறாகிப்போன பள்ளம். நடுவில் எருமை, பின்னங்காலில் ரத்தத்தோடு நின்றது. ஜேசிபி ஓட்டும் ராஜ்குமார் ஒரு பக்கத்தை வெட்டிச் சரிவாக்கிக் கொடுத்தார். இனி யாராவது இறங்கிக் கயிறு கட்டி நடத்திவர வேண்டும்.

"நான் போறேன்," என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை.

"நீயா?" என்றாள் வஜிஹா. அவள் வியந்துபோய்க் கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

கொம்பில் கயிற்றைக் கட்டியது வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. சரிவைக் கண்டதும் எருமை காயத்தை மறந்து ஓடத் தொடங்கியது. மேலேயிருந்து நாராயணப்பன் கத்தினார்: "பிடி மேடம்! பிடி, பிடி!"

கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அடுத்த கணம் குப்புற விழுந்தேன். அவர் கத்தக் கத்த நான் இறுக்கிப் பிடித்தேன். எருமை என்னை இழுத்துக்கொண்டே மேலேறியது.

"ஏனு மேடம், அவ்ளோ கத்தறேன், உடவே மாட்டேங்கறீங்க?" என்றார் நாராயணப்பன்.

வாயிலிருந்த மண்ணைத் துப்பினேன். "நீங்கதானே பிடின்னு சொன்னீங்க?"

ராஜ்குமார் வண்டியிலிருந்து இறங்கி வந்து சிரித்தார். "அவரு ஆனேக்கல்காரரு மேடம். கன்னடத்துல பிடின்னா உட்டுடுன்னு அர்த்தம்."

இத்தனை வருஷம் ஓசூரில் இருந்தும் இது எனக்குத் தெரியவில்லை. சீட் சேறாகிவிடும் என்று வஜிஹா என்னையும் லாரியின் பின்னால் எருமையோடுதான் ஏற்றினாள்.

டாக்டர் வந்து எருமையின் காலுக்குத் தையல் போட்டார். மிச்சமிருந்த கட்டுத்துணியை என் மணிக்கட்டில் சுற்றினார். மறுநாள் கம்பெனியில் கேட்டவர்களிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்றேன். உண்மையாகவே மாட்டை மீட்கப் போனது அந்த ஒரு நாள்தான்; அதைச் சொல்ல வாய் வரவில்லை.

எருமை சரியாகத் தின்னவில்லை, யாரையும் அண்டவிடவில்லை. வேலை முடிந்ததும் பஸ் பிடித்துப் போய் அதன் முன்னால் கையில் புல்லோடு நின்று, "ஏட்டி, ஒரு வாய் தின்னுட்டி," என்று கெஞ்சுவேன். அது என் பக்கம் திரும்பாது.

"அது கன்னடக்காரங்க ஊட்டு எருமையா இருக்கும்," என்றாள் வஜிஹா. "அதுகிட்ட போயி ஏட்டிங்கறியே! அவங்க வா-ங்கறத பா-ம்பாங்க. பா-ன்னு கூப்புடு."

அவள் போகும்வரை காத்திருந்தேன். பிறகு வெட்கத்தோடு, "பா... பாம்மா," என்றேன்.

எருமையின் காது அசைந்தது. எழுந்து நொண்டிக்கொண்டே வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது என்னைத் தாண்டிப் போய், பின்னாலிருந்த தொட்டியில் தண்ணீர் குடித்தது.

குடித்து முடித்துத் திரும்பியபோது என் கையிலிருந்த புல்லை ஒரு இழுப்பு இழுத்தது. அது மென்று விழுங்கும்வரை நான் மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை.