உறவுக்காரர் கைநாட்டு

நான் ஒருவனைக் கொன்றவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் தெரிந்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். வாசுதேவநல்லூருக்குக் கிழக்கே எங்கள் வயல். மடைத் தண்ணீர் யாருக்கு முதலில் என்று வாய்த்தகராறு, என் கையில் மண்வெட்டி. அவ்வளவுதான் சங்கதி. ஆயுள் தண்டனை போட்டார்கள். கோயம்புத்தூர் ஜெயிலில் பதினொரு வருடம் மாட்டுக்குப் பதிலாகச் செக்கு இழுத்தேன்.

1938 ஆனி மாதம், நன்னடத்தை என்று சொல்லி முன்கூட்டியே விட்டார்கள். சும்மா விடவில்லை, கையில் ஒரு காகிதத்தையும் கொடுத்து விட்டார்கள். மீதித் தண்டனை முடியும் வரைக்கும் நான் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர், இவன் எனக்கு இன்ன முறை, இவனுக்கு நான் பொறுப்பு என்று அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் முன்னால் கைநாட்டு வைக்க வேண்டும். ஒரு மாதம் தவணை. அதற்குள் கைநாட்டு விழவில்லையென்றால் திரும்ப உள்ளே போய்விட வேண்டியதுதான்.

எனக்கு இருந்த உறவு ஒன்றே ஒன்று, என் பெண்டாட்டி உலகம்மை. அவள் ஊரை விட்டு வந்து தென்காசியை ஒட்டிக் குத்துக்கல்வலசையில் இருப்பதாகக் கிராம முன்சீப் ஜெயிலுக்கு எழுதியிருந்தார். ரயிலை விட்டு இறங்கி விசாரித்துப் போனேன். நல்ல மத்தியானம். வாசலில் அவித்த நெல்லைக் காயப் போட்டுக் காலால் கிளறிக் கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை. நெற்றியில் ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை.

பதினொரு வருடம் கழித்துப் பெண்டாட்டியைப் பார்க்கிறவன் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் அதைத்தான் கேட்டேன். "யாரு செத்தது?"

அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு குனிந்து நெல்லைக் கையால் தள்ளிக்கொண்டே சொன்னாள். "நீங்கதான்."

அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. ஏதோ தபால் விவரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள். ஊரில் எங்கள் மகள் குழல்வாய்மொழியைப் பிள்ளைகள் கொலைகாரன் மகள் என்று கூப்பிட்டிருக்கின்றன. கிணற்றடியில் அவள் குடத்துக்கு இடம் விடவில்லை. அதனால் உலகம்மை அங்கிருந்து கிளம்பி, வழியில் சிற்றாற்றில் தாலியைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டு, புருஷன் மலையாளத்துத் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலில் போய்விட்டார் என்று இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறாள். நெல் அவித்துக் குத்திக் கொடுத்துப் பிள்ளையை வளர்த்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கடையநல்லூரில் நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஒரு பேரன். மாப்பிள்ளை சுந்தரபாண்டியன் தங்கமான பையன், ஆனால் அவன் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. பொய் சொல்லிப் பெண் கொடுத்தது தெரிந்தால் மகளைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

நான் காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். உலகம்மைக்கு முகம் வெளுத்தது. ஒரு மாசம் இருக்குல்லா, பாப்போம் என்றாள். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வெளியே வைத்தே ஒரு செம்பு பழைய சோற்று நீத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு நடந்தேன்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை என்பதுதான் நிஜம். ஜெயிலில் அது ஒரு பழக்கமாகிவிடும். காலையில் எழுந்ததும் மனதை மடித்து வைத்துவிட்டுச் செக்கடிக்குப் போக வேண்டும். வெளியே வந்த பிறகும் எனக்கு அது விரியவில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற பீர் மைதீன் என்னைச் சேர்த்துக்கொண்டார். பதினொரு வருடம் எண்ணெய் ஆட்டினவன், இப்போது அதையே தேய்த்துவிடுகிறேன், வித்தியாசம் ஒன்றும் பெரிதில்லை. வக்கீல், மிராசுதார், தாசில்தார் எல்லாரும் கோவணத்தோடு என் முன்னால் குப்புறப் படுத்தார்கள். ஒரு நாள் ரிட்டயரான ஜட்ஜ் ஒருவர் வந்து படுத்தார். கை நல்ல உரமாக இருக்கிறதே, எங்கே பழகினாய் என்று கேட்டார். சர்க்கார் இடத்தில்தான் எஜமான் என்றேன். சந்தோஷப்பட்டார்.

பீர் மைதீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, நான் கைநாட்டு வைக்கிறேன், இவர் எனக்கு மாமன் முறை என்றார். ஏட்டு அய்யாத்துரை கெட்டவர் இல்லை. சிரித்துவிட்டு, நீங்கள் ஊர்முறையில் கூப்பிட்டுக்கொள்வது சட்டத்துக்கு ஆகாது, ரத்த உறவோ கொண்டு கொடுத்த உறவோ வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். தவணை முடிகிற தேதியையும் சொன்னார். பார்த்தால், அது ஆடி அமாவாசை.

அன்றைக்கு யாரும் எண்ணெய் தேய்த்துக்கொள்ள மாட்டார்கள், எங்களுக்கு வேலை இல்லை. ஊர் உலகமெல்லாம் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட அருவிக்கரையில் கூடியிருந்தது. உலகம்மையும் வந்திருந்தாள். கூட ஒரு பெண், இடுப்பில் குழந்தை, பக்கத்தில் வாட்டசாட்டமாக ஒரு பையன். அது என் மகள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடை என் அம்மாவின் நடை.

கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் போய் நின்றேன். எனக்குத் தண்ணீர் விடப்போகிறார்கள், நானே பார்க்கவில்லையென்றால் எப்படி? மாப்பிள்ளை குழந்தையின் கையைத் தன் கைமேல் வைத்து எள்ளை எடுத்தான். செத்தவர் பேர் என்ன என்று அய்யர் கேட்டார். அய்யாக்குட்டி என்றான் மாப்பிள்ளை.

அய்யாக்குட்டி யார் என்று எனக்குத் தெரியாது. என் பேர் சொரிமுத்து. தடயம் இருக்கக் கூடாது என்று உலகம்மை பேரையும் மாற்றியிருக்கிறாள், மகளையும் அதையே சொல்லப் பழக்கியிருக்கிறாள். கெட்டிக்காரி. உயிரோடு இருக்கிற எனக்குத்தான் வீடு இல்லை என்று நினைத்திருந்தேன், செத்த எனக்கு விடுகிற தண்ணீரும் வேறு ஆளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நெஞ்சில் லேசாக ஒரு வலி வந்தது. யாராவது ஒருத்தர் இவன் என் ஆள் என்று ஒரு தடவை சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்கு மேல் ஒரு ஆசையும் இருந்தது. தவணையெல்லாம் முடிந்த பிறகு, என்றைக்காவது, வேறு எங்காவது போய் உலகம்மைக்கு மறுபடி ஒரு தாலி கட்டலாம் என்று.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும், பந்தோபஸ்துக்கு வந்திருந்த ஏட்டு அய்யாத்துரை என்னைக் கூப்பிட்டார். வாங்க, இன்னைக்குத் தவணை, அந்த வீட்டுக்குப் போய்ப் பாத்துருவோம் என்றார். தென்காசி வரை வண்டி, அப்புறம் நடை. வழியெல்லாம் ஒரே யோசனைதான். அவள் என்னைப் புருஷன் என்றால் மகள் வாழ்க்கை போச்சு. தெரியாது என்றால் நான் உள்ளே. தெரியாது என்றே சொல்லட்டும் என்று முடிவு செய்துகொண்டேன். உள்ளே என்ன, நேரத்துக்குக் களி கிடைக்கும். ஆனால் குத்துக்கல்வலசை நெருங்க நெருங்கக் கால் இழுத்தது. எனக்குப் போகப் பிடிக்கவில்லை.

வாசலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். மகள் குழந்தையோடு நிலைப்படியில். போலீஸைக் கண்டதும் தெரு கூடிவிட்டது. ஏட்டு அதிலேயே இரண்டு பேரைச் சாட்சிக்குப் பிடித்து நிறுத்திக்கொண்டு காகிதத்தை விரித்தார். சொரிமுத்து, கொலைக் கேஸ், ஆயுள் தண்டனை என்று சத்தமாக வாசித்தார். நான் மகளைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. சொரிமுத்து என்ற பேரைக் கேட்டதும் அவள் குழந்தையை மாற்று இடுப்புக்கு மாற்றினாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஏட்டு உலகம்மையிடம் கேட்டார். "ஏம்மா, இவரு உனக்கு என்ன வேணும்?"

நான் முந்திக்கொண்டு, எனக்கு இங்கே யாரும் இல்லை அய்யா என்று சொல்ல வாயைத் திறந்தேன். உலகம்மை அதற்குள் முன்னால் வந்துவிட்டாள்.

"எனக்கு அண்ணன்" என்றாள். "கூடப் பொறந்த அண்ணன்."

மாப்பிள்ளை எழுந்து நின்றான். ஏட்டு காகிதத்தைத் திரும்ப ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். "இதுல சம்சாரம் பேரு உலகம்மைன்னு போட்டிருக்கே."

"எங்க பக்கம் வீட்டுக்கு ஒரு உலகம்மை உண்டு அய்யா" என்றாள். "எங்க மதினி பேரும் அதுதான். அவ செத்துப் போயிட்டா. இவியளுக்கு என்னை விட்டா ஆளில்ல. ஜெயிலுக்குப் போனவியன்னு வெளிய சொல்லக் கூசிக்கிட்டு இத்தனை நாளு மறைச்சுட்டேன். தப்புதான்."

கடைசிப் பேச்சு ஏட்டுக்குச் சொன்னதில்லை, மாப்பிள்ளைக்குச் சொன்னது. ஏட்டு அவள் வெறும் கழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துதான் இருக்க வேண்டும். உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதி மைப்பெட்டியைத் திறந்தார். உலகம்மை பெருவிரலை நீட்டினாள். நன்றாக அழுத்தி வைத்தாள்.

என்னைச் சாகடித்து மகளைக் காப்பாற்றினவள், இப்போது தன்னைச் சாகடித்து என்னைக் காப்பாற்றினாள். நான் பிழைத்தேன். எனக்கு வீடு கிடைத்தது. ஆனால் ஊர் முன்னால் ஒருத்தி அண்ணன் என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதற்குப் பிறகு நினைப்பில்கூட அவளைத் தொட முடியாது. அவளுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

மாப்பிள்ளை மெதுவாகத் துண்டை இடுப்புக்கு இறக்கினான். ஜெயிலுக்குப் போனால் என்ன, இத்தனை நாளாகச் சொல்லாமல் இருந்ததுதான் வருத்தம், அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று அத்தையிடம் சொன்னான். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு, மாமாவைக் கும்பிட்டுக்கோ என்று குழல்வாய்மொழிக்குச் சொன்னான்.

அவள் வந்து குனிந்தாள். "கும்பிடுதேன் மாமா" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை, உலகம்மை மகளல்லவா. ஆனால் காலைத் தொட்ட கையை எடுக்கவில்லை. இரண்டு பாதத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, தங்கச்சி மகளைப் பார்த்த சந்தோஷம் போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

"உள்ள வாங்கண்ணே" என்றாள் உலகம்மை. நான் போனேன்.