களுத்துறைக்குப் போகாத பஸ்

ரகசியம் காக்க வேண்டும், ரகசியம் காக்க வேண்டும் என்று வாய் ஓயாமல் சொன்ன வெள்ளைக்காரி ஹெல்கா, மயிலம்மாவை விசாரணைக்குக் கூட்டிவர எதை அனுப்பினாள் தெரியுமா? ஜீப்பை! வெள்ளை வெளேரென்ற ஜீப். கூரையில் கொடி, முன்னால் ஆளுயரத்துக்கு ஆடுகிற ஏரியல், இரண்டு கதவிலும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தின் சின்னம். கொட்டாஞ்சேனையில் மயிலம்மா குடியிருந்த ஒழுங்கைக்குள் அது நுழைய முடியாமல் வாசலில் நின்று ஹோர்ன் அடித்தது. ஒழுங்கை முழுக்க வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டில், கொழும்பில், ஒரு தமிழ்ப் பெண்ணைத் தேடி அப்படியொரு ஜீப் வந்தால் என்ன அர்த்தம் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வீட்டு ஆள் ஒருவன் சிறையில் இருக்கிறான் என்று அர்த்தம்.

அன்று பின்னேரமே பொலிஸ் வந்தது. பதிவுத் துண்டைக் காட்டு, வந்தது யார், ஏன் வந்தார்கள், புருஷன் எங்கே என்று அறையைக் கிளறிவிட்டுப் போனது. வீட்டுக்காரி லுத்பியா நல்ல மனுசிதான். அவளாலும் தாங்க முடியவில்லை. "மகள், ஒன்மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கொமருப் புள்ளைகள வெச்சிக்கிட்டு ஈக்கிறன். மாசம் முடிய வேற எடம் பாத்துக்கம்மா" என்றாள்.

மறுநாள் காலை மயிலம்மா வெள்ளவத்தையில் நிறுவனத்தின் அலுவலக வாசலில் வந்து நின்றாள். நேசமலரைக் கண்டதும் அழவில்லை, ஏசவும் இல்லை.

"ஒங்கள நம்பித்தானே மிஸ் வாயத் தொறந்தேன்" என்றாள். அவ்வளவுதான்.

அதைவிடச் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம் என்று நேசமலருக்குப் பட்டது. உன்ர பேர் வெளியில வராது, நான் பொறுப்பு என்று சத்தியம் பண்ணியது அவள்தானே.

நேசமலர் அந்த வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நிறுவனம் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பஸ் விட்டது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டுக் களுத்துறைச் சிறையில் கிடந்தவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் அந்த பஸ்ஸில் போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று முகத்தைப் பார்த்து, சாப்பாட்டுப் பார்சலைக் கொடுத்துவிட்டு வருவார்கள். நல்ல காரியம்தான். யார் இல்லையென்றது? அந்த நல்ல காரியத்துக்குப் பொறுப்பாக வைத்திருந்த ஆள்தான் சிவானந்தன்.

வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் தங்கச்சி. போகிறவர்களின் பெயரைச் சிறைக்கு முன்கூட்டியே அனுப்புவது அவர் வேலை. அவர் தலையாட்டினால் பஸ்ஸில் ஏறலாம். ஆட்டாவிட்டால் அடுத்த வெள்ளி, அதற்கும் அடுத்த வெள்ளி. வயதான தாய்மாருக்கு ஒரு தொல்லையும் இல்லை. இளம் மனைவிமாருக்கு மட்டும் ஏதாவதொரு பேப்பர் பிழையாகிவிடும். "தெஹிவளையில எங்கட வீட்டுக்குக் கொண்டுவாங்கோ தங்கச்சி, திருத்தித் தாறன்." அவருடைய மனைவி ஆசிரியை. பகலில் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

மயிலம்மா மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக்கடையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் அழகுமுத்துவைச் சுற்றிவளைப்பில் அள்ளிக்கொண்டு போனார்கள். அவளுக்கும் பேப்பர் பிழையானது. அவளும் தெஹிவளைக்குப் போனாள். சிவானந்தன் கதவைப் பூட்டினார். மயிலம்மா அவர் கையைப் பல் பதியக் கடித்துவிட்டு வெளியே பாய்ந்தாள். "ஒத்தச் செருப்போட காலி ரோட்ல பஸ் ஏறுனேன் மிஸ். மத்தது அந்தாளு வீட்லயே கெடக்கு."

மறுநாள் சிவானந்தன் கையில் கட்டோடு வந்தார். நாய் கடித்ததாம். சொன்ன பொய்க்குக் கை கால் வைக்க ஆஸ்பத்திரிக்குப் போய் நாய்க்கடி ஊசியும் போட்டுக்கொண்டார். வேலியே பயிரை மேய்ந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறோம். மேய்ந்துவிட்டு ஊசியும் போட்டுக்கொண்ட வேலியை நேசமலர் அன்றுதான் கண்டாள்.

அவள் விடவில்லை. மேலிடத்துக்கு எழுதினாள். தலைமையகத்திலிருந்து ஹெல்கா விசாரிக்க வந்து கொள்ளுப்பிட்டியில், கடலைப் பார்த்த ஹோட்டலில் தங்கினாள். கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டாவது நிம்மதியாக இருந்திருக்கலாம். மயிலம்மா பேசும்போது அவளுக்குக் கண் கலங்கியது. கலங்கி என்ன பிரயோசனம்?

ஜீப் விஷயத்தைக் கேட்க நேசமலர் நேரே அந்த ஹோட்டலுக்குப் போனாள்.

"சாட்சிகள் நிறுவனத்தின் வாகனத்தில்தான் வரவேண்டும். அவர்களுடைய பாதுகாப்புக்காக வைத்த விதி அது" என்றாள் ஹெல்கா.

"அந்தப் பாதுகாப்பால் மாதம் முடிந்ததும் அவளுக்குக் குடியிருக்க இடமில்லை. அதற்கும் ஒரு விதி இருக்கிறதா?"

ஹெல்காவின் முகம் சிவந்தது. வருந்துவதாகச் சொன்னாள்.

"வருத்தம் கிடக்கட்டும். அந்த மனிதரை வேலையிலிருந்து நிறுத்துங்கள்."

"ஒரே ஒரு பெண்ணின் சொல்தான் இருக்கிறது. அவர் மறுக்கிறார். நாய் கடித்ததற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வைத்திருக்கிறார். இன்னொரு பெண் வந்து சொன்னால் என்னால் ஏதாவது செய்ய முடியும். அதுவரை அவர் குற்றமற்றவர்."

"அதுவரை பஸ்ஸுக்கு யார் பொறுப்பு?"

"அவர்தான்."

நல்ல நியாயம்! பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டு, பால் வந்து முறையிடட்டும் என்று காத்திருக்கிற நியாயம். நேசமலர் கதவை அடித்துச் சாத்திவிட்டு இறங்கினாள்.

இன்னொரு பெண்ணா இல்லை? இருந்தார்கள். யார் யார் என்று நேசமலருக்கு ஓரளவு தெரியும். ஒவ்வொருத்தியாகத் தேடிப் போய்க் கேட்டாள். கேட்டதும் நிலத்தைப் பார்த்தார்கள். கொட்டாஞ்சேனை லொட்ஜில் மகனுக்காகக் காத்துக் கிடந்த அன்னபாக்கியம் அவளைப் படியில் வைத்தே பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை, அந்தாளைப் பகைச்சா பஸ் நிண்டுபோகும். பிறகு என்ர பெடியனை நான் எப்பிடிப் பாக்கிறது? நீ வெள்ளவத்தையில ஃபான் காத்தில இருக்கிறாய். எங்கட வயித்தில அடிக்காதை."

வீட்டில் அதற்கு மேல். இரவுச் சாப்பாட்டில் கணவன் நாகேந்திரம் இடியப்பத்தைப் பிய்த்தபடி தொடங்கினான்.

"உனக்கேனப்பா இந்த ஊர்வம்பு? சிவானந்தன் எங்கட ஆள். உனக்கு இந்த வேலையை எடுத்துத் தந்ததே அந்தாள்தான். எங்கையோ கிடந்த ஒரு தோட்டக்காட்டுப் பெட்டைக்காக..."

"இன்னொருக்கா அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ பாப்பம். இந்தச் சொதி உங்கட தலையிலதான்." சட்டி அவள் கையில் இருந்தது. "நாளைக்கு உங்களைப் பிடிச்சுக்கொண்டுபோய்ப் போட்டா நானும் பேப்பரைத் தூக்கிக்கொண்டு தெஹிவளைக்குப் போகவேணும். போகட்டோ? எங்கட ஆள்தானே, போகட்டோ?"

நாகேந்திரம் சொதி கேட்கப் பயந்து வெறும் இடியப்பத்தைத் தின்றுவிட்டு எழுந்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. கொட்டாஞ்சேனைத் தேவாலய மண்டபத்தின் மதிலோரம் பஸ் நின்றது. சிறை அதிகாரிகளோடு சிங்களத்தில் பேசுவதற்காக நேசமலரும் வழக்கமாகப் போவாள். பெண்கள் பார்சல்களை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மீன்குழம்பும் வாழையிலையும் மணத்தன. மயிலம்மா கடைசியாக வந்தாள். விடியமுன் எழுந்து தட்டிய ரொட்டியும் கட்டைச் சம்பலும் கையில் இருந்தன.

பஸ் வாசலில் நின்ற சிவானந்தன் சிரித்தார்.

"தங்கச்சி, உங்கட பேர் இந்தமுறை போகேல்லை. விசாரணையொண்டு நடக்குதல்லோ? அது முடியட்டும்."

பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி உரத்துத்தான் சொன்னார். மயிலம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு மேல விசாரணைங்க? ஒங்க மேலதானுங்களே?"

சிரிப்பு மறைந்தது. "ஏறேலாதெண்டா ஏறேலாது. வழியை விடு."

அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்குப் போக முடியாமல் போனால் அவள் பார்சலை இன்னொருத்தி வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பாள். யாரும் சொல்லி வந்த வழக்கமல்ல. அன்னபாக்கியம் யன்னலால் கையை நீட்டினாள்.

"தா பிள்ளை. உன்ர மனுசனிட்டை நான் குடுக்கிறன்."

சிவானந்தன் எட்டி அந்தக் கையைத் தட்டிவிட்டார். "பேர் இல்லாத ஆக்களின்ர பார்சல் கொண்டுபோகேலாது."

பார்சல் தெருவில் விழுந்தது. ரொட்டி மண்ணில் சிதறியது. 

அன்னபாக்கியம் எழுந்தாள். முழங்கால் வலிக்காரி, யாராவது பிடித்தால்தான் இறங்குவாள். அன்று தானாகவே இறங்கி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அடேய்! சிறையில கிடக்கிறவன்ர சோத்திலயுமோ கை வைக்கிறாய்? நீயெல்லாம் ஒரு மனுசனோடா? உன்னையும் ஒரு தாய்தானேடா பெத்தவள்!"

அதுவரை அவரை ஐயா என்று மட்டுமே அழைத்து வந்தவள் அவள். சிவானந்தன் ஓரடி பின்னுக்குப் போனார். நேசமலர் பஸ் படியில் ஏறிக் கத்தினாள்.

"கேளுங்கோ! இந்த ஆளை நிப்பாட்ட இன்னொருத்தி வந்து சொல்லவேணுமாம். கொள்ளுப்பிட்டியில அந்த வெள்ளைக்காரி இருக்கிறா. சொல்ல இருக்கிறவை இப்ப என்னோட இறங்கி வாங்கோ."

ஒருத்தியும் அசையவில்லை. பின் சீற்றில் ஒரு சின்னப் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதை அன்னபாக்கியம் கண்டாள். அந்தப் பெண் ஏன் இறங்கவில்லை என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"உனக்கு மூளை இருக்கோ பிள்ளை?" என்று நேசமலர் மேல் பாய்ந்தாள். "இளசுகள் மட்டும் இறங்கினா, இவளிட்டையும் அவன் போனவன், அவளிட்டையும் போனவன் எண்டு நாளைக்கு ஊர் விரல் நீட்டும். அந்த ஜீப் செய்த வேலையை நீயும் செய்யப் போறியோ? ஒருத்தரும் இறங்க வேண்டாம். எல்லாருமாப் போவம். பஸ்ஸை அங்கை விடச் சொல்லு."

பஸ்ஸுக்குள் சலசலப்பு. அங்கே போனால் களுத்துறைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கையில் இருந்தது கிழமைக்கு ஒரே ஒரு நாள். ஒருத்தி விம்மினாள். "என்ர மனுசன் வழி பாத்துக்கொண்டு நிப்பாரே அம்மா."

"நிக்கட்டும். அடுத்த வெள்ளிக்கும் அங்கைதான் நிப்பான், எங்கை போகப்போறான்?" என்றாள் அன்னபாக்கியம். சொல்லிவிட்டு அவளும் அழுதாள். மற்றவர்களும் அழுதார்கள். ஆனால் ஒருத்தியும் எழுந்து போகவில்லை.

நேசமலர் டிரைவரிடம் திரும்பினாள். "சிறிபால அய்யே" என்று அண்ணன் முறை வைத்துத் தொடங்கிச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னாள். சிறிபால வெற்றிலையை வெளியே துப்பினார். களுத்துறை என்றாலும் கொள்ளுப்பிட்டி என்றாலும் தனக்குச் சம்பளம் ஒன்றுதான் என்று சொல்லிக் கியரைப் போட்டார். மயிலம்மா மண்ணில் கிடந்த ரொட்டிகளைப் பொறுக்கித் தட்டி மடியில் கட்டிக்கொண்டு, சிவானந்தனை இடித்துத் தள்ளியபடி ஏறினாள். அன்னபாக்கியத்தைக் கை கொடுத்து ஏற்றினாள். "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று சிவானந்தன் கத்திக்கொண்டு ஓடிவந்தார். கொஞ்சத் தூரம்தான் ஓடினார்.

கோட்டைச் சோதனைச் சாவடியில் வழக்கம்போல எல்லோரும் இறங்கி அடையாள அட்டை காட்டி ஏறினார்கள். ஹோட்டல் வாசல் காவலாளி ஒரு பஸ் நிறையப் பெண்களைக் கண்டு பதறினான். நேசமலர் அவனோடு சிங்களத்தில் ஒரு சண்டை பிடித்து வழி எடுத்தாள். பளிங்குத் தரையில் மீன்குழம்பு மணக்க எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஹெல்கா மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

"யார் முறையிட வந்திருக்கிறார்கள்?"

"எல்லோரும்."

"இவ்வளவு பேருக்குமா நடந்தது?"

"அதைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரிடமாகக் கேளுங்கள். எல்லோரும் உள்ளே போவார்கள், எல்லோரும் வெளியே வருவார்கள். யார் என்ன சொன்னாள் என்று வெளியே நிற்கிற எவனுக்கும் தெரியாது. நீங்கள் சொன்ன ரகசியத்தை இப்படித்தான் காப்பது."  

முதலில் உள்ளே போனது அன்னபாக்கியம். மெத்தைக் கதிரையின் நுனியில், பார்சலை மடியில் வைத்தபடி உட்கார்ந்தாள். அவர் உங்களுக்கு என்ன செய்தார் என்று ஹெல்கா மெதுவாகக் கேட்டாள். நேசமலர் அதைத் தமிழில் சொன்னாள்.

"எனக்கு ஒண்டும் செய்யேல்லை. நான் கிழவி, எனக்கு என்ன செய்யிறது?" என்றாள் அன்னபாக்கியம். "ஆனா இந்த நேரம் என்ர பிள்ளை கம்பியைப் பிடிச்சுக்கொண்டு வாசலைப் பாத்தபடி நிக்கிறான். இண்டைக்கு அம்மா வரமாட்டா. வெளியில இருக்கிற பிள்ளையள் பயப்பிடாமல் வாய் திறக்கட்டும் எண்டுதான் நான் இஞ்சை வந்து இருக்கிறன். அதை எழுதச் சொல்லு. எழுதிப்போட்டு அடுத்தவளைக் கூப்பிடட்டும்."

நேசமலர் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் இங்கிலீஷில் சொன்னாள். ஹெல்கா பேனையைப் பிடித்தபடி அந்தக் கிழவியின் மடியில் இருந்த பார்சலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கள்" என்றாள் நேசமலர். அது யாருடைய சொல்லின் மொழிபெயர்ப்பும் அல்ல, அவளுடைய சொல்.