வோக்கர் மிதித்த கம்பளி

இல்-பிசார் என்னும் ஆற்றுத்தீவில் தனியே இருந்த வோக்கர் ஐயாவைப் பராமரிக்க ஜென்சி போகத் தொடங்கியது 2004ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில். பக்கவாதத்தில் இடதுகால் சோர்ந்தபின், பயிற்சி என்றாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "வோக்கர், அதாவது நடக்கிறவன் என்று பெயர். நடக்கத்தான் முடியவில்லை."

ஒருநாள் மகள் அனுப்பிய குடும்பப்பெயர் அகராதியைப் படித்தவர் வாடிப்போனார். "என் முன்னோர் எங்கும் நடக்கவில்லை, ஜென்சி. தொட்டியில் நின்று ஈரக் கம்பளித் துணியை மிதித்து இறுக்கினவர்களாம். அந்தத் தொழிலுக்குத்தான் இந்தப் பெயராம்."

"அப்ப நல்லதுதானே! அதைக் கதிரையில இருந்தும் செய்யலாம்."

வெந்நீர்த் தொட்டியில் பழைய கம்பளிப் போர்வையை நனைத்து, தொட்டியை அவர் நாற்காலிக்கு முன்னால், காலடியில் வைத்தாள். "மிதியுங்கோ ஐயா." எப்போதும் அவருடன் ஆங்கிலத்தில் பேசுபவளுக்கு அவசரத்தில் தமிழ்தான் வந்தது. அவருக்கு விளங்கிவிட்டது.

வலதுகால் அழுத்தியது. வெகுநேரம் கழித்து இடதுகாலும் மெல்ல அசைந்தது. ஆவி எழுந்து ஜன்னலை மூட, வெளியே பனியும் ஆறும் மறைந்துபோயின.

"பக்கத்தில் பலர் மிதிக்கிறார்கள். உனக்குக் கேட்கிறதா?" என்றார், கண்களை மூடியபடி.

ஜென்சி காலுறையைக் கழற்றிவிட்டு, தானும் தொட்டிக்குள் கால் வைத்தாள்.

"ஓம் ஐயா, கேக்குது."